திரும்பி வராதவர்களின் நிறம்

வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் சரிசெய்துகொள்ளும் அந்தச் சிறு இடைவெளியில் அவள் ஒரு காரியம் செய்வாள். மேசைக்கு அடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறைய வெந்நீர் வைத்திருப்பாள். குனிந்து எதையோ தேடுவது போல அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடிப்பாள். முதலில் உள்ளங்கை. பிறகு புறங்கை. பிறகு ஒவ்வொரு விரல் நுனியாக டம்ளரில் ஒற்றி எடுப்பாள். நிமிர்ந்து, முடியை ஒதுக்குகிற சாக்கில் நடுவிரலைத் தன் காதுமடலில் வைத்துப் பார்ப்பாள். காதுமடல் சிலிர்த்தால் மறுபடி குனிவாள்.

இவ்வளவும் செய்துவிட்டுத் தொட்டாலும் எதிரே இருப்பவர் தோளை ஒரு தரம் குலுக்கிக்கொள்வார்.

"அம்மாடி! என்னம்மா கை இது?"

அந்தக் கையால்தான், அவள் நகப்பூச்சு வேலை பார்க்கும் அழகுநிலையக் கடையில், அவளுக்கு ஐஸு என்று பேர் வந்தது. வைத்தவள் நூலக்கா. புருவத்துக்கு நூல் போடுகிறவள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடக்கூடியவள். "பேருதான் ஐஸு. வர்றவங்கள்ல ஒருத்தருக்காவது ஐஸ் வைக்கத் தெரியுதா உனக்கு? 'அய்யோ மேடம், உங்க விரல் என்ன நீளம்'னு ஒரு வார்த்தை சொன்னா வாய்ல இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்பாள்.

ஐஸு சிரிப்பாள். பேச வராது. வேலை மட்டும் வரும். நகத்தின் அடியில் படிந்த தோலை ஒரு சொட்டு ரத்தம் காட்டாமல் ஒதுக்குவாள். சாயத்தை நகத்தின் ஓரத்தில் மயிரிழை இடம் விட்டு நிறுத்துவாள். நீல விளக்குப் பெட்டிக்குள் விரல்களை வைக்கச் சொல்லிச் சாயத்தை இறுக்கினால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அவளிடம் ஒரு தடவை உட்கார்ந்தவர்கள் மறு தடவை உட்காருவதில்லை.

முன்பு அவள் ஒரு குளிர்கிடங்கில் மீன் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே போனால் மூச்சு வெள்ளையாகத் தெரியும். இரண்டு உறை மாட்டினாலும் விரல் நுனிகள் முதலில் எரியும், பிறகு குத்தும், பிறகு இருப்பதே தெரியாது. அங்கிருந்து வந்தபிறகும் அந்தக் குளிர் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. அண்ணன் வீட்டில், கூடத்தில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் அவளுக்குப் படுக்கை. "பெட்டி ரிப்பேர் ஆனாலும் கவலை இல்ல, பால் பாத்திரத்தை இவ கையில குடுத்துட்டா போதும்" என்று அண்ணி சொல்வாள். கேலிதான். ஆனால் கேலிக்குப் பின்னால், "எங்க தம்பிதான் கிடங்குல சூப்பர்வைசர். எப்ப வேணும்னாலும் திரும்ப எடுத்துப்பான்" என்று ஒரு வாக்கியம் வராமல் இருக்காது.

கடை முதலாளி அம்மாவை எல்லோரும் மேடம் என்பார்கள். நல்ல மனுஷிதான், அதனாலேயே சுற்றி வளைத்துப் பேச மாட்டாள்.

"உன் வேலையில குத்தமே சொல்ல முடியாது. ஆனா வர்றவங்க ஏன் திரும்ப வரமாட்டேங்குறாங்க? எங்க அக்கா பொண்ணு இந்த மாசத்தோட பயிற்சி முடிக்கிறா. ஜன்னல் ஓர நாற்காலிதான் இருக்கு குடுக்க. அது உன்னோடது. பாத்துக்கோ."

அன்றிலிருந்து ஐஸு வராதவர்களையே நினைத்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் காரணம் சொல்வார்கள். பக்கத்தில் இருக்கு, நேரம் கிடைச்சுது. வராதவர்கள் எதுவுமே சொல்வதில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் அவளைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொள்வார்கள். மடக்குவதற்குள் அவள் பார்த்துவிடுவாள், வேறு யாரோ பூசிய சிவப்பு. என் கையில் என்ன இருக்கிறது என்று அவர்களிடம் கேட்கலாம் போல இருக்கும். ஒருவேளை அவர்கள் பதில் சொல்லிவிட்டால் என்ற பயத்தில் ஒதுங்கிப் போய்விடுவாள்.

நூலக்காதான் வழி சொன்னாள். கடையில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், இழுப்பறையைத் திறந்து அடியிலிருந்து ரப்பர் கையை வெளியே எடுத்தாள். புதிதாக வருகிறவர்கள் பழகுவதற்கான கை அது. மணிக்கட்டோடு முடிந்துவிடும். நாள்பட்டு லேசாக மஞ்சளித்திருந்தது. விரல்கள் எதையோ பிடிக்கப் போய் பாதியில் மறந்தது மாதிரி வளைந்திருக்கும்.

"நான் தொழில் கத்துக்கிட்ட கடையில இப்படித்தான் செய்வாங்க. வராம போனவ கடைசியா என்ன நிறம் போட்டாளோ அதே நிறத்தை இதுக்குப் போடு. தெருவைப் பாத்து ஜன்னல்ல வை. மனசுல அவ கையை நினைச்சுக்கோ. முகத்தை இல்ல, கையை. வருவா."

"சும்மா இருக்கா."

"வரலைன்னா எனக்கு என்ன நஷ்டம்? நாற்காலி உன்னுது."

மாசம் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸு போட்டுப் பார்த்தாள். முதலில் ஒரு வங்கிக்காரி. நகம் கடிக்கிற பழக்கம், இளஞ்சிவப்பு. ரப்பர் கைக்கு அதே இளஞ்சிவப்பைப் பூசி ஜன்னலில் வைத்த மூன்றாம் நாள் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சும்மாதான் இந்தப் பக்கம் வந்தேன். சரி, உள்ள போவோம்னு தோணுச்சு" என்றாள். சொல்லிவிட்டு நூலக்கா பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். ஐஸு அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் அந்தக் கைகளை விட்டு அகலவில்லை. தான் நினைத்த கைகள், தான் நினைத்தபடி, துண்டின் மேல் வந்து கிடந்தன.

பிறகு ஒரு தையல்காரம்மா. பிறகு கல்லூரியில் படிக்கிற ஒருத்தி. ஒவ்வொருவரும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள்: சும்மாதான், தோணுச்சு, வந்தேன். ஐஸுவுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ராத்திரி படுத்தால் குளிர்சாதனப் பெட்டி உறுமுகிற சத்தத்தில் அந்த ரப்பர் விரல்கள் நினைவுக்கு வரும். காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அதைப் பார்ப்பாள். வைத்தபடியேதான் இருக்கும். அப்படியே இருப்பதுதான் அவளுக்கு என்னவோ போல இருந்தது.

"ஜன்னல் நாற்காலி இப்பல்லாம் காலியாவே இல்லையே" என்று மேடம் சொன்னாள். அக்கா பெண்ணுக்கு வேறு ஒரு மூலை யோசிக்கப்பட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒருத்தர் மேல் ஆசை இருந்தது. ஒரே ஒரு தடவை வந்த அம்மா. நடுவயது. முதல் தொடுதலில் தோளைக் குலுக்காத ஒரே ஆள் அவர்தான். "நல்லா இருக்கும்மா, தலைவலிக்கு ஒத்தடம் குடுத்த மாதிரி" என்று சொல்லிவிட்டு, வேலை முடிவதற்குள் அப்படியே தூங்கிப் போனார். ஒரு கையை முழுக்க அந்நியரிடம் கொடுத்துவிட்டுத் தூங்குவதென்றால் எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! அவருக்குப் பூசியது நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறம், மழை கொட்டுவதற்குச் சற்று முந்தைய வானம் மாதிரி. அந்த பாட்டிலை வேறு யாரும் கேட்டதில்லை. இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நூலக்காவிடம் சொன்னாள், "அடுத்தது அந்தத் தூங்குற அம்மா."

நூலக்காவின் நூல் பல்லில் நின்றது. "அவங்க வேண்டாம். வேற யாரையாவது நினை."

"ஏங்க்கா?"

"வேண்டாம்னா வேண்டாம். எல்லாத்துக்கும் ஒரு ஏன்."

மறுநாள் நூலக்கா லீவு. ஐஸு கடை திறந்ததும் ரப்பர் கையின் ஐந்து நகத்துக்கும் நீலச் சாம்பலைப் பூசினாள். விளக்கில் இறுக்கினாள். ஜன்னலில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கைகளை நினைத்தாள். சுண்டுவிரலில் பழைய தழும்பு, மோதிரம் கழற்றிய தடம், நகத்தின் அடியில் பிறை.

மத்தியானம் மேடம் சாயம் வாங்கப் போயிருந்தாள். வெயிலில் தெரு ஓய்ந்து கிடந்தது. வாசற்படியில் எப்போதும் படுத்திருக்கும் நாய், யார் தாண்டினாலும் எழுந்து ஒரு தரம் முனகிவிட்டுத்தான் மறுபடி படுக்கும். ஐஸு குனிந்து கீழ் இழுப்பறையில் நகம் ராவும் அரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அந்த அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார்.

கைகள் ஏற்கெனவே துண்டின் மேல் இருந்தன.

"எப்ப வந்தீங்க? நான் கவனிக்கவே இல்லையே!"

"இப்பதாம்மா." குரல் சாதாரணமாக இருந்தது. தூங்கி எழுந்தவர் குரல். "ஒன்னுதான் போயிடுச்சு. அதை மட்டும் போட்டுடு."

ஐஸு பார்த்தாள். வலது ஆள்காட்டி விரலில் மட்டும் சாயம் இல்லை. அவசரத்தில் யாரோ சுரண்டி எடுத்த மாதிரி நகம் சொரசொரப்பாக, ஓரத்தில் நீலத் துணுக்குகளோடு இருந்தது. மற்ற ஒன்பதும் அன்று பூசியபடியே பளபளத்தன.

ஐஸு இன்னும் கிட்டத்தில் குனிந்து அந்த ஒன்பதின் அடியையும் பார்த்தாள். நகம் வளரும். வளர வளரப் பூசிய சாயம் முன்னால் நகர்ந்து, அடியில் வெற்று நகம் ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையைப் பார்த்தே வந்து எத்தனை வாரம் என்று சொல்லிவிடலாம். இந்த நகங்களில் பட்டையே இல்லை. மயிரிழை இடம் விட்டு அவள் நிறுத்திய கோடு, அதே மயிரிழையில் நின்றது.

"வேற கடையில மறுபடி போட்டீங்களா?"

"இல்லையே. நீ போட்டதுதான்."

"அப்ப இந்த விரல்ல யாரு எடுத்தாங்க?"

"தெரியலம்மா. தூங்கிட்டிருந்தேன்."

டம்ளரைத் தேட மறந்து ஐஸு அந்த விரலைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் விட்டுவிடப் பார்த்தாள். கிடங்கின் உள்ளறைக்குளிர் அது. வெளியிலிருந்து படுகிற குளிர் இல்லை, உள்ளே சூடே இல்லாத குளிர்.

அந்த அம்மா முகம் மலர்ந்து சொன்னார், "உன் கை எவ்வளவு சூடா இருக்கு!"

யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை. ஓடிப்போக எழுந்த கால் அந்த ஒரு வார்த்தைக்காக உட்கார்ந்தது. அவள் வேலை செய்தாள். சொரசொரப்பை அரத்தால் நிரவினாள். அடிப்பூச்சு, நீலச் சாம்பல், மறுபடி நீலச் சாம்பல். விளக்குப் பெட்டிக்குள் விரல் போனால் யாரும் ஒரு நொடி சுடுகிறது என்று இழுப்பார்கள். அந்த விரல் அசையவில்லை. நீல வெளிச்சத்தில் ஐஸுவின் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. அப்படித் தோன்றியதோ என்னவோ.

"முடிஞ்சுதும்மா. எண்ணெய் மட்டும் தடவிடறேன்."

எண்ணெய்ச் சீசாவுக்குத் திரும்பினாள். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது நாற்காலி காலி. துண்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஐஸு வாசலுக்கு ஓடினாள். தெரு நெடுக ஆள் இல்லை. படியில் நாய், காதில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டாமல், நல்ல தூக்கத்தில் இருந்தது.

மேடம் வந்தபோது ரப்பர் கை மூடி போட்ட டப்பாவுக்குள், டப்பா இழுப்பறையின் அடியில். நகத்தில் ஒட்டியிருந்த நீலத்தை ஐஸு பஞ்சு பஞ்சாகத் துடைத்து எடுத்திருந்தாள்.

"என்னடி, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

"ஒன்னும் இல்ல மேடம். வெயிலு."

ரப்பர் கையை அவள் அப்புறம் தொடவில்லை. நாற்காலி போனால் போகட்டும், கிடங்குக்கே போகிறேன் என்று அண்ணியிடம் ஒரு நாள் சொல்லியும்விட்டாள். அண்ணிக்குத் திக்கென்றது. "ஏண்டி, யாரு என்ன சொன்னாங்க? நான் சும்மா விளையாட்டுக்குப் பேசினதை எல்லாமா மனசுல வெச்சிருக்க? ஒழுங்கா கடைக்குப் போ" என்றாள்.

ஆனால் நாற்காலி போகவில்லை. ரப்பர் கை டப்பாவுக்குள் கிடக்க, வாடிக்கையாளர்கள் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். சும்மாதான், தோணுச்சு. ஒவ்வொருவர் வரும்போதும் ஐஸு முதலில் அவர்கள் நகத்தின் அடியைத்தான் பார்த்தாள். வெற்று நகம் ஒரு பட்டை தெரிந்தால்தான் அவளுக்கு மூச்சு வந்தது. வந்தவர்களிடம் அவள் பேசவும் தொடங்கியிருந்தாள். வீட்டில் எல்லாரும் சுகமா, ராத்திரி நல்லா தூக்கம் வருதா என்று விசாரிப்பாள். இந்தப் பொண்ணு அக்கறையா விசாரிக்குது என்று அவர்கள் தாமாகவே மறுபடி வந்தார்கள்.

நாற்காலி அவளுக்குத்தான் என்று மேடம் வாய்விட்டுச் சொன்ன நாளில், பின்கட்டில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நூலக்கா சிரித்தாள்.

"இனிமே சொன்னா என்ன? நான்தான்டி போன் பண்ணினேன் எல்லாருக்கும். 'பொண்ணு புதுசு, கையில தங்கம், பேச்சுதான் வராது, ஒரு தடவை வந்து பாருங்க, நான் கூப்பிட்டதா சொல்லாதீங்க, வெக்கப்படுவா'ன்னு. ரப்பர் கையாம், நிறமாம்! உனக்கு ஒரு தைரியம் வரட்டும்னு அடிச்சு விட்டேன்."

ஐஸுவின் டம்ளர் உதட்டருகே நின்றது. "எல்லாருக்குமா?"

"அந்தத் தூங்குற அம்மாவுக்கும்தான் முதல்ல பண்ணினேன். அவங்க வீட்டுக்காரர் எடுத்தார். இங்க வந்துட்டுப் போன மறுநாளே மூளையில ஏதோ ஆகி விழுந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரியில நினைவே இல்லாம கிடக்கிறாங்க. அதான் உன்கிட்ட வேண்டாம்னேன்." நூலக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நீ போனது எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல."

"எங்க போனேன்?"

"நடிக்காத. அப்புறம் ஒரு நாள் எப்படி இருக்காங்கன்னு கேக்கக் கூப்பிட்டேன், அவர் சொன்னார். மூச்சு அளக்கிற கிளிப்பு நகத்துல சாயம் இருந்தா வேலை செய்யாதாம், அதனால நர்ஸுங்க ஒரு விரல்ல மட்டும் சாயத்தைச் சுரண்டி எடுத்திருக்காங்க. நான் லீவு போட்டேன்ல, அன்னிக்கு மத்தியானம் மெஷின் திடீர்னு கத்தியிருக்கு. மூச்சு நின்னுடுச்சோன்னு எல்லாரும் ஓடிப் பாத்தா, மூச்சு நல்லாதான் இருக்கு. கிளிப்புக்கு அடியில அந்த விரலுக்கு மட்டும் யாரோ அழகா நீலச் சாம்பல் பூசி வெச்சிருக்காங்க, ஈரம்கூட இல்லாம. வார்டுக்குள்ள யாருமே வரலைன்னு நர்ஸுங்க சத்தியம் பண்றாங்களாம். 'உங்க கடையில இருந்து யாராவது வந்தீங்களாம்மா'ன்னு அவர் என்னைக் கேட்டார்."