மச்சம் ஏறாத அடுப்பு

செலீனைத் தெரிந்தவர்கள் யாரும் அவளைப் பொய்காரி என்று சொல்லமாட்டார்கள். வாய் கொஞ்சம் நீளம்தான், அதை மறுப்பதற்கில்லை. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சினில் பத்தொன்பது வருடமாக வேலை. சூப்பர்வைசருக்கே அவளுடைய வாய்க்குப் பயம். ஆனால் பொய்? ஒரு நாள் லீவுக்குக்கூடக் காய்ச்சல் என்று சொல்லத் தெரியாதவள். "இண்டைக்கு என்னால ஏலாது, அலுப்பாக் கிடக்கு" என்று உள்ளதை உள்ளபடி போனில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பாள். அப்படிப்பட்ட மனிசிதான் கட்டின புருசனுடைய உயிர் விசயத்தில் மூன்று பக்கத்துக்குப் பொய் எழுதினாள்.

புருசன் மரியரட்ணம் கடற்கரை ஊரான பேசாலைக்காரர். மீன் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு தொண்டையால் இறங்காது. மில்லிக்கனில் கதவு செய்கிற ஃபக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தவருக்குப் போன மார்கழியில் சாப்பாடு வெறுத்தது. தையில் இரைப்பையில் புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுக்கலாம், ஆறு கிழமையில் ஒப்பரேசன் என்று நாளும் குறித்தார்கள்.

அன்று ஆஸ்பத்திரியால் ஸ்காபரோ அப்பார்ட்மென்டுக்கு வந்ததும் செலீன் குளிருக்குப் போட்ட ஜாக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை. நேரே குசினிக்குள் போய் மாதா படத்துக்கு முன்னால் நின்றாள். "மடு மாதாவே, இவருக்கு ஒப்பரேசன் நல்லபடியா முடியுமட்டும் என்ரை அடுப்பில மச்சம் ஏறாது." மீனில்லை, இறைச்சியில்லை, முட்டைகூட இல்லை. நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது அவளுடைய அசையாத நம்பிக்கை. ஆகவே புருசனுக்கும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மரியரட்ணத்தின் கோப்பையில் பருப்பு, பூசணிக்காய், கீரை, கஞ்சி. மீன்துண்டு சின்னதாகிவிட்டாலே முகம் கோணுகிற மனிதர் வாயே திறக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு "நல்லாயிருக்கு" என்று எழும்பிவிடுவார். செலீனுக்கு அது புதினமாகத்தான் இருந்தது. வருத்தக்காரன், நோயில் வாய்க்கு ருசி தெரியவில்லையாக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பிள்ளை ஒரு தமிழ்ப் பிள்ளை, நிலாணி என்று பெயர். இங்கே பிறந்தது. மரியரட்ணத்தை நிறுத்துப் பார்த்த கையோடு செலீனிடம் திரும்பினாள்.

"அன்ரி, அங்கிள் ரெண்டு மாசத்தில பதினொரு கிலோ குறைஞ்சிட்டார். கொஞ்சம்தானே சாப்பிட ஏலுது. அப்ப போற ஒவ்வொரு வாயும் பெலமான சாப்பாடா இருக்கோணும். முட்டை, மீன், கோழி, கொஞ்சம் கொஞ்சமா ஒரு நாளைக்கு ஆறு தரம். இந்தப் போத்தில் சத்துப் பாலும் மூண்டு குடுங்கோ. ப்ளீஸ், வெறும் கஞ்சி காணாது. உடம்பில சத்து இல்லாமல் ஒப்பரேசனுக்குப் போனா உள்ளுக்குப் போட்ட தையல் பொருந்தாது."

"ஓம் பிள்ளை, ஓம்" என்றாள் செலீன். முதல் பொய் அதுதான்.

போத்தில் பால் தித்திப்பென்று மரியரட்ணம் பாதியில் வைத்துவிடுவார். செலீன் பருப்பைக் கொஞ்சம் கூடப் போடுவாள், கஞ்சிக்குள் தேங்காய்ப்பாலைக் கூட்டி விடுவாள். வேலையில் ஒரு நாளைக்கு ஐந்நூறு ஓம்லெட் அவள் கையால் போகும். யாரோ முன்பின் தெரியாதவனுக்கு முட்டையை வைத்து மூடும்போதெல்லாம் சீ, என்ன பிறவி நான் என்று தன்னைத்தானே திட்டுவாள். வருத்தக்காரருக்குத் தவக்காலத்தில் மச்சத்தை ஒறுத்தல் தேவையில்லை என்று கோயிலில் சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னதும் அவள் காதில் விழுந்ததுதான். ஆனால் அது கோயில் சட்டம், இது அவள் கொடுத்த வாக்கு. வாக்கை முறித்து அவருக்கு ஒப்பரேசன் மேசையில் ஏதும் நடந்தால்? கொன்றவள் நான்தானே என்று நினைப்பாள். முறிக்காமல் விட்டால் அவர் கண்முன்னால் கரைகிறார். இரண்டு பக்கமும் நெருப்பு.

மூன்றாம் கிழமை நிலாணி ஒரு படிவம் கொடுத்தாள். மூன்று நாளைக்கு அங்கிள் என்னென்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, நான் வாசிப்பேன் என்றாள்.

செலீன் மேசையில் இருந்து எழுதினாள். காலையில் இரண்டு முட்டை. மத்தியானம் விளைமீன் குழம்பு, மூன்று துண்டு. பின்னேரம் கோழி சூப் ஒரு கோப்பை. இரவைக்கு இடியப்பமும் பாரைமீன் சொதியும். சமைக்கத் தெரிந்தவள்தானே, பொய்யும் வாசமாக வந்தது. எழுத எழுத அவளுக்கே அழுகை வந்தது. நல்லாயிருந்த காலத்தில் அந்த மனிதர் சாப்பிட்டதைத்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் கிழமை டாக்டர் கூப்பிட்டார். இன்னும் நாலு கிலோ குறைந்திருந்தது. டாக்டர் கணினியையும் நிலாணி மொழிபெயர்த்துக் கொடுத்த படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆங்கிலத்தில் நீளமாக என்னவோ சொன்னார். நிலாணி செலீனிடம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"அன்ரி, இவ்வளவு சாப்பிட்டும் உடம்பு கரையுதெண்டா வருத்தம் வேற இடத்துக்கும் பரவியிருக்கலாம் எண்டு டொக்டர் யோசிக்கிறார். திரும்ப ஸ்கான் எடுக்கப் போகினம். பரவியிருந்தா... ஒப்பரேசன் செய்து பிரயோசனமில்லையாம்."

மரியரட்ணம் மெல்லத் தலையாட்டினார். எதிர்பார்த்த செய்தி வந்து சேர்ந்த மாதிரி ஒரு தலையாட்டல். அதைப் பார்த்த செலீன் மேசையில் கிடந்த படிவத்தின்மேல் கையை வைத்தாள்.

"பிள்ளை, அது பொய்" என்றாள். "நான் எழுதினது முழுக்கப் பொய். இந்த மனிசன் அஞ்சு கிழமையா முட்டையைக் கண்ணாலயும் காணேல்லை. மாதாவுக்கு நேர்த்தி வைச்சனான், மச்சம் சமைக்கமாட்டன் எண்டு. அவருக்கும் தெரியாது. பட்டினி போட்டது நான். டொக்டரிட்டைச் சொல்லு பிள்ளை, வருத்தம் பரவேல்லை, நான்தான் பட்டினி போட்டனான் எண்டு சொல்லு!"

நிலாணி ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை. சொன்னதைச் சொன்னபடி டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் வேறு வழி சொன்னார். ஒப்பரேசன் நாலு கிழமை பிந்தும். மூக்கால் மெல்லிய குழாய் ஒன்றைக் குடலுக்குள் இறக்கி, வீட்டில் வைத்தே பம்பினால் சத்து ஏற்றவேண்டும். வாயாலும் இயன்றதைக் கொடுக்கவேண்டும். உடம்பு தேறினால் வெட்டலாம்.

"அந்த நாலு கிழமையில உந்த வருத்தம் வளராதோ?" என்றாள் செலீன்.

"அதுக்கு ஒருத்தரும் வாக்குத் தரேலாது, அன்ரி. ஆனா இந்த உடம்போட செய்யிறது அதைவிட ஆபத்து."

குழாய் போடக் கூப்பிடும்வரை இருவரும் வெளியே கதிரையில் இருந்தார்கள். செலீன் அவர் கையைப் பிடித்தாள். எலும்புதான் கைக்குள் வந்தது.

"இஞ்சேருங்கோ, என்னை ஏசுங்கோவன். ஏன் சும்மா இருக்கிறியள்? ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே, ஏனடி மீன் இல்லையெண்டு. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே."

மரியரட்ணம் அவள் பக்கம் திரும்பவில்லை.

"டொக்டர்மார் உன்னைத் தனியக் கூப்பிட்டு, இவன் தப்பமாட்டான் எண்டு சொல்லிப்போட்டினமாக்கும் எண்டு நினைச்சன். சாகப்போறவனுக்கு என்னத்துக்கு மீனெண்டு நீயும் விட்டிட்டாயாக்கும். கேட்டா நீ அழுவாய். அதுதான் கேக்கேல்லை."

இவ்வளவு நேரமும் மாதாவிடம் என்னவென்று மன்னிப்புக் கேட்பது என்றுதான் செலீன் யோசித்துக்கொண்டிருந்தாள். மாதா தாய், மன்னிப்பாள். ஆனால் இந்த மனிதர் ஐந்து கிழமையாக அவளுக்கு முன்னால் இருந்து, தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்ற நினைப்போடு அவள் போட்ட பருப்பை விழுங்கி, நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கிறார்.

தாதி வந்து அவர் பெயரைக் கூப்பிட்டாள். மரியரட்ணம் கதிரைச் சட்டத்தைப் பிடித்து எழும்பினார். செலீனால் எழும்ப முடியவில்லை.