உன் பங்கை மட்டும் உடைடா

வேங்கிக்காலில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய கடையில் போன வாரம் ஒரு பருப்புப் பை கிழிந்து கொட்டியது. யாரோ மேல்தட்டிலிருந்து இழுத்திருக்கிறார்கள். வழவழப்பான தரையில் துவரம்பருப்பு சிதறி ஓடும் சத்தம் கேட்டதுதான் தாமதம், நான் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சீருடை போட்ட பெண் ஓடிவந்து, "இன்னா ஆச்சு மேடம், பிரஷர் ஜாஸ்தியா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். நாலு பேர் பார்க்கும்போது வாயைத் திறந்து பதில் சொல்வது எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.

எழுந்தபோது கை தானாக இடது புருவத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் வழுக்கி விழுந்தீங்களா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். எடைக்கல் பட்டது என்றால் முழுக்கதையும் சொல்ல வேண்டியிருக்கும். உங்களிடம் சொல்லலாம்.

பத்தாவது முடித்ததும் நான் வேலைக்குப் போனது தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கூட்டுறவுப் பண்டகசாலைக்கு. ஊரில் எல்லோருக்கும் அது சொசைட்டி. ரேஷன் கடை இல்லை, தனியார் கடையும் இல்லை. பங்கு கட்டிச் சேர்ந்த குடும்பங்கள்தான் அதற்கு முதலாளி. சாக்கு, பெருங்காயம், மண்ணெண்ணெய் மூன்றும் கலந்த அந்த வாசனை என் தாவணியிலிருந்து போகவே போகாது. பொட்டலம் கட்டுவது என் வேலை. பழைய பேப்பரைச் சுருட்டி, சணல் சுற்றி, பல்லால் கடித்து அறுப்பேன். முன்பல் இரண்டும் இன்றைக்கும் சற்று உள்ளே போயிருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். பிறவியிலேயே அப்படித்தான் என்கிறாள் என் தங்கை.

சொசைட்டியில் ஒரு பழக்கம் இருந்தது. வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. எடைக்கற்கள் எங்கள் பக்கம் இருக்காது. வாங்குகிறவர்கள் நிற்கும் பக்கம், மேசையின் விளிம்பில் வரிசையாக இருக்கும். உறுப்பினர்தான் தன் கையால் கல்லை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். கடைக்காரர் கொட்டுவார். முள் நடுவில் வந்ததும் உறுப்பினர் "போதும்" என்பார். மண்டிகளில் எடையில் ஏமாந்து ஏமாந்து அலுத்துப்போனவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கடை. அதனால் முதல் கூட்டத்திலேயே அப்படி முடிவு செய்தார்களாம். சொந்தக் கடையில் கல்லை அடுத்தவன் வைப்பானேன் என்பது அவர்கள் கேள்வி.

எடை போடுகிறவர் தணிகாசலம் அண்ணன். ஒல்லியான ஆள், வாய் மட்டும் பெரியது. "கல்ல வைங்க" என்று அவர் சொல்வது சந்து முனைவரை கேட்கும். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த அம்மாவுக்கும் கீரை விற்கும் அம்மாவுக்கும் ஒரே வரிசை, ஒரே விலை. வருஷக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு கைதான் தூக்கலாம். பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒரே கை.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஊரில் பருப்புக்குப் பஞ்சம் வந்துவிட்டது. வெளியே விலை ஏறிக்கொண்டே போக, சொசைட்டியில் பழைய விலைக்கே கொடுத்தோம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு கிலோதான். வரிசை சந்தைத் தாண்டித் தெருவில் நின்றது. அதில் சேகரும் நின்றான். செங்கம் ரோட்டில் மெஸ் வைத்திருந்தவன். அவன் அம்மா காலத்திலிருந்தே உறுப்பினர் குடும்பம். தன் முறை வந்ததும், ஒரு மூட்டை வேண்டும் என்றான்.

"ஒரு கிலோதாம்பா சேகரு."

"தீபத்துக்கு ஊரே சோத்துக்கு வந்து நிக்கும். ஒரு கிலோல எப்படிண்ணா சாம்பார் வெக்கறது?"

"தண்ணிய ஜாஸ்தியா ஊத்து. உன் மெஸ்ஸுல அது இன்னா புதுசா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். சேகரின் முகம் கறுத்தது. அவன் கைக்கு எதிரேதான் கற்கள் இருந்தன. இரண்டு கிலோ கல்லை எடுத்தான். தட்டில் வைக்கப்போகிறான் என்றே நினைத்தோம். தட்டைப் பிடித்திருந்த தணிகாசலம் அண்ணனின் வலது மணிக்கட்டில் இறக்கினான். காய்ந்த முருங்கைக் கிளையை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் கத்தவில்லை. கை தொங்குவதை ஆச்சரியமாகப் பார்த்தபடி மெதுவாக உட்கார்ந்தார்.

சேகர் மேசையைத் தாண்டி உள்ளே குதித்தான். மூட்டை தூக்கும் கொக்கியால் பருப்பு மூட்டையைக் கிழித்தான். தராசை உதைத்துச் சாய்த்தான். எண்ணெய் டின்னில் கொக்கியை இறக்கினான். "என் கடை. நான் ஒடைப்பேன். எவன் வந்து கேக்கறது?" என்று கத்திக்கொண்டே எட்டியதையெல்லாம் உடைத்தான். யாரும் அசையவில்லை. அவன் சொன்னதில் பொய்யில்லையே. அவனுடைய கடையும்தான்.

அப்போது வரிசையிலிருந்து பச்சையம்மாள் முன்னே வந்தார். அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பம். நிர்வாகக் குழுவில் இருந்தவர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்.

"உன் கடைதாண்டா. உன் பங்க மட்டும் ஒடைடா. என் பங்கு மேல கொக்கி பட்டுது, கையை முறிச்சிடுவேன்."

சேகர் கொக்கியை ஓங்கினான். காலடியில் எண்ணெயும் பருப்பும். வழுக்கி மல்லாந்து விழுந்தான். அவ்வளவுதான். வரிசை மொத்தமும் உள்ளே பாய்ந்தது. குடைக்காம்பால் அடித்தார் ஒரு வாத்தியார். தராசுச் சங்கிலியைக் கழற்றி வீசினான் ஒருவன். கீரைக்கார அம்மா காலால் மிதித்தார். என் பங்கு, என் பங்கு என்று ஆளுக்கு ஒரு அடி. முதலில் பாய்ந்த பச்சையம்மாளே கொஞ்ச நேரத்தில் அவன்மேல் குனிந்து மறைத்துக்கொண்டு, "போதும், போதும்" என்று கத்தினார். ஒருவரும் கேட்கவில்லை. அவர் முதுகிலும் அடி விழுந்தது.

மூலையில் நின்றிருந்த எனக்கு அப்போதுதான் பட்டது. சேகரைக் குறிவைத்து யாரோ எறிந்த அரைக்கிலோ கல். விழுந்து கண் விழித்தபோது எதிரே பருப்பு சிவப்பாகக் கிடந்தது. அடடா, மைசூர் பருப்பு கலந்துவிட்டதே, பொறுக்க வேண்டுமே என்று கவலைப்பட்டேன். என் ரத்தம் என்று தெரிய நேரமாயிற்று. எறிந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த வாரம் வரிசையில் வந்த எல்லோரும் "வலிக்குதாம்மா?" என்று கேட்டார்கள். எறிந்தவர் அவர்களில் ஒருவர்தான்.

சேகருக்கு விலா எலும்பு, அண்ணனுக்கு மணிக்கட்டு. பெரியாஸ்பத்திரியில் எதிரெதிர்க் கட்டிலில் கிடந்தார்கள். போலீஸ்காரர், கடைக்குக் கம்பி வலை போட்டுக் கல்லை உள்ளே வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் வேறொன்று சொன்னார்: "அவன் உறுப்பினரா இருந்தா நான் இனிமே தராசத் தொட மாட்டேன்." வீட்டில் அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். வேறு வேலை எதுவும் தெரியாது. இருந்தும் சொன்னார்.

சேகரை நீக்குவது பற்றி முடிவெடுக்க உறுப்பினர் எல்லோரையும் அழைத்துப் பேரவையைக் கூட்டினார்கள். நீக்குவதற்கு முன்னால் உறுப்பினர் பேச உரிமை உண்டு என்பதால் சேகரும் வந்திருந்தான். கட்டோடு நின்று, "ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று உட்கார்ந்தான். கைகள் எழ ஆரம்பித்தன. பச்சையம்மாள் எழுந்தார்.

"இருங்க. அடிச்சதுக்குத்தான நீக்கறீங்க? கீழ வுழுந்தப்புறம் அவன அடிச்சவங்களும் எழுந்து நில்லுங்க. சேர்த்தே நீக்கிடலாம். நானும் ஒரு ஒதை வுட்டேன், மொதல்ல என் பேர எழுதுங்க."

கூட்டம் கொதித்தது. "ரவுடிக்கு வக்காலத்தா?" என்று ஒருவர் நாற்காலியை எறிந்தார். பதிலுக்கு இரண்டு பறந்தன. வாத்தியாரின் சட்டை கிழிந்தது, மைக் கம்பி வளைந்தது. நான் மேசைக்கடியில் இருந்தேன், தலையில் கட்டுடன். எல்லாம் அடங்கி மறுபடி கைதூக்கச் சொன்னபோது எழுந்த கைகள் கொஞ்சம்தான். சேகர் நீடித்தான். கம்பி வலைக்கும் கை எழவில்லை.

தணிகாசலம் அண்ணன் எழுந்து வெளியே போனார். இனி வரமாட்டார் என்றே நினைத்தோம்.

சில நாள் கழித்துக் காலையில் கடை திறக்கும்போது படியில் உட்கார்ந்திருந்தார். "அவங்க கடை, அவங்க முடிவு. நமக்கின்னா" என்று முனகினார். அன்றைக்கே சேகரும் வந்தான், வரிசையில் நின்று. அவன் முறை வந்தது.

"கல்ல வை" என்றார் அண்ணன், வழக்கமான குரலில்.

சேகர் ஒரு கிலோ கல்லை எடுத்தான். கையில் வைத்துக்கொண்டு நின்றான். அண்ணனின் நல்ல கை தட்டின்மேல் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நான் என் தலைக்கட்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்து மூடிக்கொண்டேன். கல் தட்டில் உட்காரும் சத்தம் கேட்டது. இடது கையால் சிந்திச் சிந்திக் கொட்டினார் அண்ணன்.

"போதும்" என்றான் சேகர்.

"கம்மியா இருந்தா சொல்லு."

"செரியா இருக்கு."

"தண்ணி ஜாஸ்தி ஊத்தாத."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சேகர் மட்டும் மூக்கால் ஏதோ சத்தம் விட்டான். சிரிப்பா வேறா என்று தெரியவில்லை. அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு எடையைத் தவிர எதுவும் பேசிக்கொண்டதில்லை. அண்ணனின் விரல்கள் கடைசிவரை சரியாக மடங்கவில்லை.

சொசைட்டியைக் கொளுத்தியோ உடைத்தோ யாரும் மூடவில்லை. பெரிய கடைகள் வந்தன, ஆட்கள் கூட்டத்துக்கு வருவது நின்றது. கடைசிப் பேரவையில் காலி நாற்காலிகளைப் பார்த்து, "அடிச்சிக்கக்கூட ஆள் இல்லயேடி" என்றார் பச்சையம்மாள். இப்போது அந்த இடத்தில் பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்துகிறார்கள். சேகர், தணிகாசலம் அண்ணன், பச்சையம்மாள் மூவரும் போய்விட்டார்கள்.

பெரிய கடையில் பருப்பைப் பெருக்கி வாரிக் குப்பைக்கூடையில் போட்டார்கள். நான் தக்காளியை எடுத்துக்கொண்டு எடை மெஷினுக்குப் போனேன். என்னை அறியாமல் என் கை மேசை விளிம்பில் எதையோ தேடியிருக்க வேண்டும்.

"அங்க கை வெக்காதீங்க மேடம்" என்றான் பையன்.

எடுத்துக்கொண்டேன். அந்தக் கடையை நாளைக்கு யார் வந்து அடித்து நொறுக்கினாலும் நான் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நிற்கலாம். அதில் என் பங்கு எதுவும் இல்லை.