நீதிபதி வேஷமும் வேலைக்காரன் வேஷமும்

என் வாழ்நாளில் நான் நடித்தது ஒரே ஒரு நாடகம். யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மென்ட் பகுதியில், தமிழ்க் குமாஸ்தாக்கள் சேர்ந்து நடத்திய சபாவில். நான் அப்போது ரயில்வே சரக்கு ஆபீசில் இருந்தேன். நீலசந்திராவில் ஒற்றை அறை; பேச்சுத் துணைக்கு யாருமில்லை. அம்மா காலமாகிவிட்டாள். அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் பட்லர். பங்களாவின் பின்புறத்திலேயே அவருக்கு ஜாகை.

சபாவில் சேர்ந்த அன்று யாரோ அப்பாவைப் பற்றி விசாரித்தார்கள். "சேலத்துல சர்க்கார் உத்தியோகம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபின் மாற்ற முடியவில்லை.

என் குரல் கனமாக இருக்கிறதென்று காரியதரிசி எனக்கு நீதிபதி வேஷம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஜட்ஜா! அப்ப அவசரப்படாம பேசு. பெரிய மனுசங்க கூப்பிடறப்ப திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஆள் வந்து நிப்பான்னு அவங்களுக்குத் தெரியும்."

நீதிபதி வீட்டு வேலைக்காரனாக நடித்தவர் ஒரு வக்கீலின் பிள்ளை. மேடைக்கு வந்தாலே வில்லாக வளைவார், தலையைச் சொறிவார், "எசமான்!" என்று அலறுவார். ஒத்திகையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை.

"வேலைக்காரங்க இப்படிக் கத்த மாட்டாங்க சார்."

"பின்ன எப்படியாம்? நீங்களே செஞ்சு காட்டுங்களேன்."

செய்து காட்டினேன். முதுகு வளையாமல் கழுத்து மட்டும் லேசாகத் தணிய, பாதம் ஓசைப்படாமல் உள்ளே வந்தேன். அறையின் நடுவில் நிற்காமல் சுவரோரமாக நின்றேன். "சொல்லுங்க ஐயா" என்ற குரல், எதிரில் இருப்பவர் காதோடு நின்றுவிடும் அளவுக்கு வந்தது. முதுகைக் காட்டாமல் மூன்றடி பின்னால் நகர்ந்து, அப்புறம் திரும்பினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அச்சு அசலா இருக்கேய்யா! எங்க கத்துக்கிட்ட?" என்றார் காரியதரிசி. அதுவரை அவர் என்னை 'நீங்க' என்றுதான் பேசியிருந்தார்.

அன்றே வேஷங்கள் மாறின. வக்கீலின் பிள்ளை நீதிபதி ஆனார். அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாடகத்துக்கு வரட்டுமா என்று அவர் கேட்டபோது, டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றேன்.

நாடகத்தன்று நான் மேடையைவிட்டு ஒவ்வொரு முறை போகும்போதும் கைதட்டல். திரை விழுந்ததும் எல்லோரும் நாற்காலிகளில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நான் இன்னும் வேஷத்தைக் கலைக்கவில்லை. வக்கீலின் பிள்ளை திரும்பாமலே சொன்னார்: "யாரங்கே, எல்லாருக்கும் காப்பி கொண்டா!"

சிரிப்பு கிளம்பியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்க் காப்பி கொண்டுவந்தேன்.

அது அன்றோடு முடியவில்லை. அடுத்த வாரம் விளக்கைத் துடைக்கச் சொன்னார்கள், பெஞ்சை நகர்த்தச் சொன்னார்கள். எல்லாம் வேடிக்கையாகத்தான். ஒருநாள் காரியதரிசியைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க அப்பா பட்லர் சார். அவரைப் பார்த்துதான் நடிச்சேன்" என்றேன்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

வேடிக்கை நின்றது. அதோடு என்னிடம் பேச்சும் குறைந்தது. நான் போய் உட்கார்ந்தால் நடந்துகொண்டிருந்த பேச்சு வேறு பக்கம் திரும்பும். அடுத்த நாடகத்துக்கு எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஆபீஸ் விட்டதும் போக இடமில்லாமல் அல்சூர் ஏரிக்கரையில் நடப்பேன். பல நாட்கள் சாயங்காலத்தில் நான் வாய் திறந்து பேசியது ஓட்டல்காரரிடம் மட்டும்தான்.

இதற்கெல்லாம் முன்பு, நாடகம் முடிந்த முதல் ஞாயிறன்று அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன்.

"கை தட்டினாங்களா?"

"தட்டினாங்கப்பா."

"கொஞ்சம் பேசிக் காட்டேன், கேப்போம்."

தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். உடனே எழுந்துபோய் இஞ்சி தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை அருகில் நின்றார். உட்காருங்கள் என்று சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

என் மகன் மேடையில் ஜட்ஜாக இருந்தவன் என்று அவர் கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.