பச்சை எது என்று பவுலின் சொல்வாள்

விவேக் நகரில் பழைய ஸ்டீரியோ ரிசீவர்களைப் பழுது பார்த்துவந்த ஓஸ்வால்டுக்குப் பச்சை தெரியாது. சிவப்பும் தெரியாது. இரண்டும் அவர் கண்ணுக்கு ஒரே மண் நிறம். இருபது வயதில் ரயில்வே வேலைக்குப் போனபோது, டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து இந்தப் புள்ளிகளுக்குள் என்ன எண் இருக்கிறது என்று கேட்டார். எண்ணே இல்லையே என்றார் இவர். வேலை போயிற்று. வீட்டில் வந்து, உயரம் போதவில்லையாம் என்று புளுகினார். ஆறடி ஆள் சொன்னதை அந்த வீட்டில் நம்பவும் செய்தார்கள்.

நிறம் தெரியாதவர் ரேடியோவைத் தொடலாமா என்று கேட்பீர்கள். ரெசிஸ்டர் என்ற குட்டி பாகத்தின் அளவைச் சொல்லும் வண்ணக் கோடுகளை அவர் படிப்பதே இல்லை. ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துவிடுவார். ஊர் அதைப் பொறுப்பு என்று மெச்சியது. ஆனால் டயல் வெளிச்சத்தை எந்த மீட்டரில் அளப்பது? ஸ்டேஷன் எண்களுக்குப் பின்னால் இருக்கும் குட்டி பல்புகளின் சூட்டில், வெளிச்சத்துக்கு நிறம் தரும் வண்ணத்தாள் பொசுங்கிப்போகும். பல்பு மாற்றினால் மட்டும் போதாது, தாளையும் அதே நிறத்தில் மாற்ற வேண்டும். பாட்டில் கரகரப்பு இருந்தால்கூடச் சகித்துக்கொள்வார்கள் வாடிக்கையாளர்கள். நிறம் பிசகினால் சண்டைக்கு வருவார்கள்.

அங்கேதான் அவர் மனைவி பவுலின் கைகொடுத்தாள். காயாகக் கிடந்த தக்காளியைப் பழம் என்று ஒரு கிலோ வாங்கி வந்த புருஷனைக் கல்யாணமான வாரமே கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. வீட்டின் முன்னறைதான் கடை. டயலில் விளக்கு எரிந்ததும் ஓஸ்வால்ட் காப்பி கேட்பார். அவள் வந்து டம்ளரை வைத்து, ஒரு பார்வை பார்த்து, "சக்கரை சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றால் நிறம் சரி. "சூடு பத்தல, இருங்க" என்றால் தாளை மாற்ற வேண்டும். இருபத்து மூன்று வருஷம் எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் ஒருவருக்கும் இது பிடிபடவில்லை.

2002 ஆகஸ்டில் மூன்று நாள் காய்ச்சலில் பவுலின் போய்விட்டாள். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற அனந்தபத்மநாபன் தன் ரிசீவரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"லைட் மட்டும் போட்டுக் குடுங்க ஓஸ்வால்ட். அவசரமில்ல, மெதுவா பண்ணுங்க. பழையபடி அதே இளம்பச்சை வேணும்னு என் வீட்டுக்காரி ரமா கண்டிஷனா சொல்லிட்டா."

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வறட்டுக் கௌரவம் விட்டால்தானே? அதோடு ஒரு பயமும் இருந்தது. அவள் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்றால், மிச்சமுள்ள நாளை எதை வைத்து ஓட்டுவது?

பவுலின் வாங்கி வைத்த வண்ணத்தாள்கள் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. எதிலும் பெயர் இல்லை. எழுதி வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவள் எழுதவில்லை. பழைய தாளில் பொசுங்காத ஓரத்தை வெட்டி, ஒவ்வொன்றோடும் வைத்து வைத்துப் பார்த்தார். ஒன்று அச்சாகப் பொருந்தியது. மாட்டி எரியவிட்டபோது அவருக்கு அப்பாடா என்று இருந்தது. தன்னாலும் முடிகிறது என்று, அவள் போனபின் முதல் தடவையாக ஒரு வேளை சோறு ஒழுங்காகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை அனந்தபத்மநாபன் வந்தார். ஸ்விட்சைப் போட்டுக் காட்டினார் ஓஸ்வால்ட். அவர் டயலைப் பார்த்தார். பிறகு ஓஸ்வால்டின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ரிசீவரைத் தூக்கப் போனார்.

"சார், உண்மையச் சொல்லுங்க. இது என்ன கலரு?"

அவர் தயங்கினார். "ஆரஞ்சு. பரவால்ல விடுங்க. துக்கத்துல இருக்கீங்க, ஏதோ கை மாறிப்போச்சு. அதான் ஒண்ணும் சொல்லல."

"கை மாறல சார். எனக்குப் பச்சை தெரியாது. அவதான் பாத்துச் சொல்லுவா."

சொல்லிவிட்டு டப்பாவை அவரிடமே நீட்டினார். அவர் பச்சைத் தாளை எடுத்துக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டிருந்த ஓஸ்வால்ட் பாதியில் நிறுத்திவிட்டார். ரகசியம் போனதால் அல்ல. டயலிலிருந்து தன் முகத்துக்கு வந்து, எதையோ சொல்லாமல் விழுங்கிய அந்தப் பார்வையை அவர் முன்பே ஒருமுறை பார்த்திருந்தார்.

காய்ச்சல் முற்றிய அன்று பவுலின், "என்னை அந்தப் பச்சைப் பட்டுலயே அனுப்புங்க" என்றாள். அவள் போனதும் பீரோவைத் திறக்க அவர் யாரையும் விடவில்லை. தானே தேடி எடுத்து அவள் தங்கையிடம் கொடுத்தார். தங்கை புடவையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அழுகையில் பேச்சு வரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்தத் தங்கை பக்கத்தில் நீலசந்திராவில்தான் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அன்று தான் எடுத்துக் கொடுத்த புடவை என்ன நிறம் என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். ஓஸ்வால்ட் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.