மலைப்படையின் காலுறை

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை கிடந்தது. கேரள எல்லையோரப் பாறசாலையில் கம்பளிக் காலுறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கே மார்கழியில்கூட மின்விசிறி இல்லாமல் தூக்கம் பிடிக்காது. சாம்பல் நிறம். கணுக்காலுக்கு மேலே சிவப்பில் இரண்டு வரி, நடுவே கறுப்பில் பல் பல்லாக ஒரு கோலம். என் மகள் உக்ரைனில் மருத்துவம் படித்தபோது குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் எனக்கென்று தன் கையால் பின்னியது. "மலைப்படையில் இருந்தவருக்கு" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாராம்.

நான் மலைப்படையில் இருந்தது உண்மைதான். இந்திய ராணுவத்தில் என் சர்வீஸில் பாதிக்குமேல் வடகிழக்கு மலைகளில் கழிந்தது. அங்கே எதிரியைக் கண்ணால் பார்த்த நாள் குறைவு. ஈரக் காலுறையோடு போராடாத நாளே கிடையாது. இது அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய மகனும் மலைப்படைச் சிப்பாய். அந்த ஊரே மலையடிவாரம். ஊருக்குள்ளேயே ஒரு மலைக் காலாட்படை பிரிகேடின் முகாம் இருந்தது. போருக்கு முன்பு அவன் விடுப்பில் வந்திருந்தபோது என் மகள் எங்களை வீடியோவில் பேசவைத்தாள். இரண்டு பட்டாளக்காரர்கள் வீரம் பேசுவார்கள் என்று பெண்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நாங்கள் பேசியது காலுறை. அரசாங்கம் தருகிற காலுறை அங்கேயும் நனைந்தால் காயாதாம். வயிறு குலுங்கச் சிரித்தோம். அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பிரிகேடைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். ஓய்வுபெற்றவன் கையில் போனும் இருந்தால் கேட்கவா வேண்டும்! மொழிபெயர்ப்பில் போட்டுப் போட்டுப் படித்தேன். சோவியத் காலத்தில் அது ஒரு முழு டிவிஷன். நாடு தனியானதும் ஆளைக் குறைத்துக் குறைத்துப் பிரிகேடாகச் சுருக்கினார்கள். பெயரும் மாறிக்கொண்டே வந்தது. மலையில் ஏறவும் பனியில் சறுக்கவும் பழகியவர்கள் என்பதால் கடைசியில் மலைப் பெயர் நிலைத்தது. கைப்பட்டையில் மலைச் சின்னம். இடையில் அமைதி காக்க வெளிநாடுகளுக்கும் போயிருக்கிறார்கள்.

அதன் அமைப்புதான் எனக்கு முதலில் பிடிபடவில்லை. நம்மிடம் பிரிகேடு என்றால் வாடகை வீடு. வேறு வேறு ரெஜிமெண்டுகளைச் சேர்ந்த மூன்று பட்டாலியன்கள் வரும், சில வருடம் இருக்கும், பெட்டியைக் கட்டிக்கொண்டு போகும். எந்த ஆள் என்று கேட்டால் ரெஜிமெண்ட் பெயரைத்தான் சொல்வோம். அவர்களுக்குப் பிரிகேடு சொந்த வீடு. மூன்று மலைப் பட்டாலியன், பீரங்கி, வேவு, கண்ணிவெடி எடுப்பவர்கள், தகவல் தொடர்பு, வண்டி பழுது, மருத்துவம் எல்லாம் ஒரே கூரைக்குள். சேர்ந்தவன் பெரும்பாலும் அங்கேயேதான். போதாததற்கு ஒரு டாங்கி பட்டாலியனும் உண்டு! மலைப்படைக்கு டாங்கி எதற்கு, அது எந்தப் பாறையில் ஏறும் என்று இன்னொரு வீடியோவில் அந்த அம்மாளின் மகனிடம் கேட்டேன். "நாங்களும் அதையேதான் கேட்டோம்" என்றான்.

போர் வந்தது. என் மகள் பஸ்ஸிலும் நடந்தும் எல்லை கடந்து வந்து சேர்ந்தாள். மீதிப் படிப்பை வேறிடத்தில் முடித்து, இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். பிரிகேடோ தன் மலையை விட்டு, கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயலாகக் கிடக்கும் சமவெளிக்குப் போனது. வள்ளத்தைக் கொண்டுபோய் ரப்பர் தோட்டத்தில் நிறுத்தியது மாதிரி. எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரிடம் காட்ட? போர் வரைபடத்தில் அந்தப் பிரிகேடின் சின்னம் எங்கே நகர்கிறது என்று தினமும் காலையில் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். அந்த அம்மாளின் மகன் அதே பிரிகேடில், இப்போது ட்ரோன் பறக்கவிடும் வேலையில் இருந்தான்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பொழியூர்ப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியும். விலை பேசும்போதே நான் போர்ச் செய்தியும் சொல்வேன். அவளும் கேட்டுக்கொண்டே மீனை வெட்டித் தருவாள். கடல் ஏறி வீட்டைக் கொண்டுபோன பிறகு அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவள் புருஷன் வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கிறான் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் சாளை மீனை எடைபோடாமல் தட்டில் அப்படியே வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணா, எனக்க மாப்பிள போனது ரஷ்யாவுக்காக்கும். சமையல் வேலைண்ணு சொல்லி ஏஜெண்டு கூட்டிட்டுப் போனான். இப்போ கையில தோக்கு குடுத்து சண்டையில முன்னால நிறுத்தியிருக்கினும்."

அவளே போனை எடுத்துக் காட்டினாள். புருஷன் எப்போதாவது யாருடைய போனிலிருந்தாவது குரல் செய்தி அனுப்புவான். அதில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லியிருந்தான். வாய்க்குள் நுழையாத பெயர். எனக்கு மட்டும் நுழைந்தது. பல நாளாகக் காலையில் நான் பார்த்துக்கொண்டிருந்த இடம்தான். எதிரே நிற்பது என் மலைப்படை.

"எதிர்ல நிக்கியவங்க எப்பிடிப்பட்ட ஆளுக அண்ணா? கையைத் தூக்கினா விட்டுருவினுமா?" என்று கேட்டாள்.

கோபம் வந்துவிட்டது எனக்கு. அவள் மேல் இல்லை. ஆனால் அவள்தானே முன்னால் நின்றாள்! "பட்டாளத்துல கையெழுத்துப் போட்டவன் கையைத் தூக்கப்படாது. அது தெரியாம போயி மாட்டினானா?" என்று கத்தினேன். சரணடைதல் என்ற வார்த்தையே எங்கள் பாரக்ஸில் கெட்ட வார்த்தை. அதைச் சொல்லித்தரச் சொல்லி என்னிடம் வந்து நிற்கிறாளே என்று உடம்பு எரிந்தது.

அவள் குரலை உயர்த்தவில்லை. "அவரு பட்டாளத்துல சேரல்ல அண்ணா. கஞ்சி வைக்கதுக்குப் போன ஆளாக்கும்."

என் கொடி, என் ரெஜிமெண்ட், என் சத்தியம் என்று நான் அடுக்கியதெல்லாம் நானாகப் போய்ச் சேர்ந்த பட்டாளத்துக்கு. அவன் எதில் சேர்ந்தான்? அன்று சாயங்காலம் மகள் வந்ததும் விஷயத்தைச் சொல்லி, அவன் சரணடைய வழி உண்டா என்று அந்த அம்மாளிடம் கேட்கச் சொன்னேன்.

"எப்பிடிப்பா கேக்க? அவங்க மகன் மேல குண்டு போடுத பக்கத்து ஆளாக்கும்."

"கேளு மக்கா. இல்லேண்ணா இல்லேண்ணு சொல்லட்டு."

அந்த அம்மாளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "அவன் ஏன் எங்கள் மண்ணுக்கு வந்தான்?" கேட்டது நியாயம். நானாக இருந்தால் இன்னும் காரமாகக் கேட்டிருப்பேன். மகள் பொறுமையாக எழுதினாள். கடல் வீட்டைக் கொண்டுபோனது, ஏஜெண்ட் சொன்ன சமையல் வேலை, மீன் விற்கும் மனைவி, அவன் நிற்கும் கிராமத்தின் பெயர், எல்லாவற்றையும். அதற்கு அந்த அம்மாளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பதில் வந்தது மகனிடமிருந்து.

பட்டாளத்துப் பதில், வளவளப்பு இல்லை. துப்பாக்கி, தலைக்கவசம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வரவேண்டும். கைகள் தெரியவேண்டும். ட்ரோனைக் கண்டால் ஓடக்கூடாது, ஓடுகிறவனைத்தான் அடிப்பார்கள். நின்று துணி எதையாவது அசைத்தால் ட்ரோன் மெதுவாக முன்னால் பறக்கும். அதன் பின்னால் நடக்கவேண்டும். முதுகுப் பக்கமிருந்து அவனுடைய ஆட்களே சுடலாம், அதற்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவன் வருவது தன் பட்டாலியன் பக்கமா அடுத்த பட்டாலியன் பக்கமா தெரியாது, அதனால் இரண்டிலும் ட்ரோன் பையன்களிடம் தானே சொல்லிவைத்திருப்பதாக எழுதியிருந்தான்.

கடைசி வரியை மகளைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். நம்மிடம் என்றால் அடுத்த பட்டாலியனுக்குத் தகவல் போக மேலே ஏறி, பிரிகேடு தலைமையகத்தில் தூங்கி, கீழே இறங்கவேண்டும். அவன் நேரே போய் டீ குடித்துக்கொண்டே சொல்லியிருப்பான். சொந்த வீடு என்றால் அதுதான்.

இனி இதைப் புருஷனிடம் சொல்லவேண்டும். வருகிற குரல் செய்தியை அங்கே மேலதிகாரிகள் போடச் சொல்லிக் கேட்டு, மொழிபெயர்த்து வாங்குவதாக அவனே சொல்லியிருந்தான். 'சரணடை' என்று சொன்னால் அன்றைக்கே அவன் கதை முடிந்தது. நான் எங்கள் பழைய சங்கேத முறைகளையெல்லாம் யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அவள் மீன்கூடையை இறக்கிவைத்து, கையைக் கழுவி, அந்தப் பதில் முழுவதையும் ஒருமுறை என்னைச் சொல்லவைத்துக் கேட்டாள். பிறகு போனை வாயருகே வைத்தாள்.

"ஏ, இஞ்ச நோக்கு. நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோச்சுண்ணா என்ன செய்வியோ, அதைச் செய்யணும், கேட்டியா. மேல பருந்து வந்தா ஓடப்படாது. பருந்து போற வழியே போணும். வலை, சாமானம் ஒண்ணும் எடுக்காண்டாம். பிள்ளைக்குப் பனிக்காச்சல் மாறிப்போச்சு. வேற ஒண்ணும் இல்ல."

எஞ்சின் நின்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். துவர்த்துத் துண்டைத் துடுப்பில் கட்டி, தூரத்து வள்ளத்துக்குத் தெரிகிற மாதிரி அகல வீசுவார்களாம். கண்டவர்கள் யாராக இருந்தாலும், சண்டைக்காரனாக இருந்தாலும், வந்து கட்டி இழுத்துக் கரை சேர்க்கவேண்டும். அது கடல் வழக்கம். நான் முப்பது மைல் உயரத்தில் நின்று உலகப்போர் பார்த்தவன் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு அது தெரியாது.

பிறகு ஒன்றும் வரவில்லை. அவனிடமிருந்து குரல் செய்தியும் நின்றது. அவள் தினமும் வந்தாள், நான் தினமும் வாங்கினேன். சாளையின் வாடையே பிடிக்காமல் போனது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவள் கேட்கமாட்டாள், என் முகத்தை மட்டும் பார்ப்பாள். வரைபடத்தில் அந்தச் சின்னம் நகராமல் நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. இவளுக்கு வழி சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த வழியிலேயே அவன் செத்திருந்தால் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயம்.

போன வாரம் அவள் வாசலில் இருக்கும்போதே மகள் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, போட்டோ அனுப்பியிருக்கேன். அவங்ககிட்ட காட்டு" என்றாள்.

பதுங்குகுழி போன்ற ஓர் இடம். ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். சிறைபிடிபட்டவன் முகத்தைக் காட்டக்கூடாது என்று கழுத்துக்குக் கீழேதான் எடுத்திருந்தார்கள். மடியில் கம்பளி, கையில் ஒரு தகரக் குவளை. அவள் போனைப் பிடுங்கி முகத்தருகே வைத்தாள். "அவருக்க வெரலாக்கும்" என்றாள். கரமடி வலைக் கயிறு சுற்றி முறித்த சுண்டுவிரல், குவளையைப் பிடிக்காமல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

படத்தோடு மகன் எழுதியதை மகள் போனில் வாசித்தாள். மண்வெட்டிக் காம்பில் பனியனைக் கட்டி வீசினான். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை வீசினான். இப்படி வீசுகிற ஆளை நாங்கள் பார்த்ததில்லை, பையன்கள் இன்னும் அதைச் செய்துகாட்டிக்கொண்டு திரிகிறார்கள். கால்விரல்கள் மோசம், ஆனால் எடுக்கவேண்டி வராது. இனி முகாமுக்கு அனுப்புவார்கள். வீடு திரும்ப நாளாகும். அம்மா பின்னியது ஒரு ஜோடி என்னிடம் இருந்தது, கொடுத்துவிட்டேன். அம்மாதான் கொடுக்கச் சொன்னார்.

அப்போதுதான் நான் படத்தில் அவன் கால்களைப் பார்த்தேன். சாம்பல் நிறம், சிவப்பில் இரண்டு வரி, நடுவே பல் பல்லாகக் கறுப்பு.

உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து என்னுடையதை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன். அவள் படத்தையும் அதையும் மாறிமாறிப் பார்த்தாள். செதில் ஒட்டிய கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு காலுறைக்குள் மணிக்கட்டு வரை நுழைத்தாள். உள்ளே விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"இம்புட்டு கனமா, அண்ணா?" என்றாள். "அப்போ அங்க அத்தற குளிரா? என்கிட்ட ஒரு நாளும் சொல்லல்லியே."

இத்தனை நாளும் அழாதவள், அதற்கு அழுதாள்.