நூல் டாக்டர்

"நில்லுண்ணே, அசையாத." வாசலிலேயே மறித்து, ஒட்டுத்தாள் சுற்றிய உருளையை என் சட்டைமேல் உருட்டுகிறாள் தங்கை. முதுகு, கை, காலர் எதுவும் தப்பாது. முடித்ததும் உருளையை வெளிச்சத்தில் பிடித்து, அதில் ஒட்டியிருக்கும் இழைகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். "இந்த பாலியெஸ்டர் சட்டையைத் தலைமுழுகுன்னு எத்தனை தடவை சொல்றது?" மதியச் சாப்பாடு கொண்டுபோகிறவனுக்கு அவளுடைய ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் வரவேற்பு இதுதான்.

ஆற்றுநீரில் கலந்து கிடக்கும் பிளாஸ்டிக் இழைகளை எண்ணுவது அவள் வேலை. வெறுங்கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் அவளுக்குக் காது அடைத்துவிடும். அங்கே மின்விசிறி ஓடாது, சன்னல் திறக்காது. எல்லோருக்கும் ஆரஞ்சு நிறப் பருத்தி அங்கி. எண்ணுகிறவர் உடம்பிலிருந்தே இழை விழுந்தாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? என் மோட்டார் பட்டறை ஆட்கள் அவளுக்கு நூல் டாக்டர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் தெரியும். "டாக்டர்னு ஒத்துக்கிட்டாங்கல்ல, அதுவே பெரிசு" என்பாள்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அவள் பெருமையை எனக்கு விளங்கின மட்டும் சொல்கிறேன். ஒருவர் எழுதிய கட்டுரையை நம்பி, அதன்மேல் இன்னொருவர் தன் வேலையைக் கட்டுகிறார். யாரை நம்பிக் கட்டினேன் என்று பேர் போட்டுச் சொல்லியாக வேண்டுமாம். தங்கையின் முதல் ஆற்றுக் கட்டுரையின்மேல் ஆயிரம் பேருக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். சாயப்பட்டறைகளின் கழிவுக் குழாயில் வடிகட்டி மாட்ட வைத்ததும் அந்தக் கட்டுரைதான். அதற்கு ஒரு பெரிய விருது வருவதாக இருந்தது. நான் கோட்டுத் தைக்க அளவு கொடுத்துவிட்டேன். பருத்தியில்தான், வம்பு எதற்கு.

அந்தச் சமயத்தில் ஒரு பெண் வீடியோவில் கூப்பிட்டாள். எங்கள் ஆறு எல்லை தாண்டிப் போகிற பக்கத்து மாநிலத்தில் இதே வேலை செய்கிறவள். தமிழ்ப் பெண்தான், அதனால் பக்கத்தில் இருந்த எனக்கும் விளங்கியது.

"மேடம், அதே ஆறுதான், ஆனா உங்க அளவு எனக்கு வரவே மாட்டேங்குது. மூணுல ஒண்ணுதான் வருது. உனக்கு எண்ணத் தெரியலேன்னு எங்க கைடு திட்டுறாரு. கண்ணாடி கூட மாத்திட்டேன் மேடம். எங்க தப்பு பண்றேன்?"

தங்கை ஒவ்வொன்றாக விசாரித்தாள். வடிதாள், ஊசி, விளக்கு. கடைசியில் கேட்டாள்: "வாளியை எதுல கட்டி ஆத்துல இறக்குறே?"

"சங்கிலியில மேடம்."

தங்கை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். முதல் கட்டுரைக் காலத்தில், இந்த அங்கியெல்லாம் வருவதற்கு முன்னால், அவள் வாளி இறக்கியது நைலான் கயிற்றில்.

அந்தக் கயிறு எங்கள் மொட்டைமாடியில் துணிக்கொடியாகக் கிடந்தது. நேரே வந்து, ஈரத்துணி பொத்துப்பொத்தென்று தரையில் விழ, கயிற்றைக் கத்தரித்தாள். "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" என்று கத்தினாள் என் மனைவி. "இல்ல அண்ணி, இப்பத்தான் தெளிஞ்சிருக்கு."

வெயில் படாத உள்முறுக்கைப் பிரித்து, பத்திரப்படுத்தியிருந்த பழைய வடிதாள்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே நீலம், அதே பருமன். ஆற்றில் கிடந்தது என்று எழுதியதில் மூன்றில் இரண்டு பங்கு அவள் கயிற்றிலிருந்தே உதிர்ந்தது.

"விருது கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். ஆறு என்ன கோர்ட்டுக்கா போகப்போகுது?" என்றேன். அவளுடைய துறைத்தலைவரும் பழசைக் கிளறாதீர்கள் என்றுதான் சொன்னாராம்.

"அந்தப் பொண்ணு தன் கண்ணு மேலயே சந்தேகப்பட்டுக் கண்ணாடி மாத்தியிருக்காண்ணே. அவ பட்டம் என்னால தடைபட்டு நிக்குது. இன்னும் எத்தனை பேரு என்னை நம்பிக் கண்ணாடிக்கடையில உட்கார்ந்திருக்காங்களோ."



அதே பத்திரிகையில் அவளே திருத்தம் எழுதினாள், கயிற்றின் படத்தோடு. விருது வேறொருவருக்குப் போனது. கோட்டை நான் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். சாயப்பட்டறை முதலாளிகள் சிலர் பல்லை இளித்துக்கொண்டு வந்தார்கள், இனி வடிகட்டியைக் கழற்றலாமா என்று. "மூணுல மிச்சமிருக்கிற ஒண்ணும் பிளாஸ்டிக்தான் சார். ஒரு டம்ளர் பிடிச்சுத் தரேன், குடிச்சிட்டுக் கழட்டுங்க" என்றாள். வந்த வழியே போனார்கள்.

இப்போது எந்த நாட்டில் யார் ஆற்றில் இறங்கினாலும், முதலில் தன் வாளியையும் கயிற்றையும் சுத்தமான நீரில் ஊறப்போட்டு, அதில் உதிர்வதை எண்ணிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார்களாம். அதற்கும் அவள் பேரைத்தான் போடுகிறார்கள்.

போன வாரம் நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது, போனை நீட்டிக்கொண்டு பட்டறைக்குள் ஓடிவந்தாள். அந்தப் பெண்ணின் கட்டுரை வெளியாகியிருந்தது.

"இந்த வரியைப் பாருண்ணே. முன்னாடி சொன்ன அளவு தப்புன்னு எழுதியிருக்கா. யாரு சொன்ன அளவு? படி!"

இங்கிலீஷில் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் அவள் பேர்தான். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினேன். எழுத்து சிறியது என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு விரலால் திரையை விரித்தாள். அவள் பேர் மட்டும் திரை முழுக்க நின்றது. அதை அப்படியே பட்டறை ஆட்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.