மூச்சு வாங்கும் இடத்தில் வாசித்தவர்

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. முத்தையா மாஸ்டரின் பேண்டில் கிளாரிநெட் வாசிக்கும் பால்பாண்டி பேசினார். "டீச்சர், மாஸ்டர் போயிட்டாக. காலையில கஞ்சி குடிச்சுட்டுச் சாஞ்சாக, அப்படியே போயிட்டாக." சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். மீதி முட்டைகளையும் உரித்தேன். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, கடைசிப் பிள்ளையின் தாய் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை வேலை இருந்தது. அதன்பிறகுதான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை.

முத்தையா மாஸ்டர் சின்னமனூர்க்காரர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிற பேண்டு செட் ஒன்றை நடத்தினார். அவர் வாத்தியம் டிரம்பெட். முகூர்த்தம் இல்லாத நாட்களில் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டப் போவார். எந்த நேரத்தில் பார்த்தாலும் இரண்டு நாள் தூங்காதவர் போலத்தான் இருப்பார். வெள்ளைச் சட்டை மட்டும் கசங்கியிருக்காது.

எங்கள் ஊர் மாதா கோயிலில் பாடகர் குழுவை நான் பார்த்துவருகிறேன். மாஸ்டர் வருவதற்கு முன்பு அதைக் குழு என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது. பாடுகிறவர்களில் பாதிப் பேர் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள். விடிவதற்குள் ஜீப்பில் மலையேறி, பொழுது சாய இறங்கி வருவார்கள். பயிற்சிக்கு வந்தால் சுவரில் சாய்ந்தபடியே பாடுவார்கள். வழிநடத்தும்படி ஆண்டவரைக் கேட்கிற பழைய பாட்டு ஒன்று எங்கள் கோயிலில் உண்டு. திருவிழாத் திருப்பலியில் அதைப் பாடாமல் இருந்ததில்லை. ஆனால் வருடத்துக்கு வருடம் அது இழுத்துக்கொண்டே போனது. கடைசிச் சரணத்துக்கு வரும்போது என் குரல் மட்டும்தான் கேட்கும். "இந்த வருசமும் இப்படித்தான்னா, பாட்டப் பென்டிரைவ்ல போட்டுக்கலாம் டீச்சர்" என்றார் பங்குத்தந்தை. கோபமாகச் சொல்லவில்லை. அவரும் அலுத்துப்போயிருந்தார்.

அப்போதுதான் தேர்ப்பவனிக்குப் பேசியிருந்த முத்தையா மாஸ்டரிடம், இந்தப் பாட்டைப் பேண்டுக்கும் பாடகர்களுக்கும் சேர்த்து அமைத்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

முதல் நாள் வந்தவர் டிரம்பெட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு சொன்னார்: "ஒங்க ஆளுக சாவுக்கெல்லாம் இந்த மெட்டத்தான் வாசிக்கச் சொல்லுவாக. எத்தனையோ சாவுக்கு வாசிச்சிருக்கேன். வார்த்தை என்னன்னு இன்னைக்குத்தான் தெரியுது." ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். "நடக்குறவன் பாடுற பாட்டா இது? அப்ப எதுக்கு உக்காந்துகிட்டு இழுக்குறீக?"

நாங்கள் இரண்டு கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருந்தோம். அதை ஒன்றுக்கும் கீழே, கீழ் ஸ்தாயியின் ஆறரைக் கட்டைக்கு இறக்கினார். அவர்களுடைய வாத்தியங்களுக்கும் அது தோதான சுருதி. பெண்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்களில் ஒருத்தியான செல்வமேரி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "இம்புட்டுக் கீழ பாடுனா எழவு வீடு மாதிரி இருக்குண்ணே." மாஸ்டர் சிரித்தார். "மேல போனா கத்துறீக ஆத்தா. ஒருதரம் பேசுற மாதிரி பாடிப் பாருங்க."

பாடினோம். அன்றைக்கு முதல்முறையாக ஆண்களின் குரலும் கேட்டது.

அதன்பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். எங்களைத் திரும்பத் திரும்பப் பாடவிட்டு, எங்கே மூச்சு அறுகிறது என்று கவனித்தார். ஒவ்வொரு சரணத்திலும் மூன்றாவது வரியின் முடிவில் எல்லோரும் தடுமாறுவோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டுங்கள் என்றுதான் நான் வருடக்கணக்காகச் சொல்லிவந்தேன். மாஸ்டர் அந்த இடத்தில் எங்களை நிறுத்திவிட்டார். "அங்கன நல்லா மூச்சு வாங்கிக்கங்க. அவசரமே இல்ல. அந்த எடத்த நாங்க பாத்துக்கிருவோம்." பேண்டு எங்களோடு சேர்ந்து வாசிக்கவே இல்லை. நாங்கள் நிறுத்துகிற இடத்தில் டிரம்பெட்டும் கிளாரிநெட்டும் மெட்டை வாங்கி, இரண்டு வரி நடத்திக்கொண்டுபோய், மறுபடி எங்களிடம் கொடுக்கும். மற்ற நேரத்தில் பெரிய டிரம் மட்டும் நடை போடும்.

இது எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "எனக்கே மூச்சு பத்தல டீச்சர். பத்தாதவனுக்குத்தான் எங்கன நிக்கணும்னு தெரியும்" என்றார். அவர் நுரையீரல் கெட்டுவந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

திருவிழாவுக்கு முந்தைய வாரம் ஊர்ப் பெரியவர் ஒருவர், "சாவுக்கு வாசிக்கிறவுகளப் பீடத்துக்குப் பக்கத்துல நிப்பாட்டுறதா?" என்று சத்தமாகவே கேட்டார். மாஸ்டர் அங்கேதான் இருந்தார். நான் பெரியவரோடு மல்லுக்கு நின்றேன். பங்குத்தந்தையும் என் பக்கம் பேசினார். மாஸ்டர் கையமர்த்தினார். "விடுங்க டீச்சர். பேண்டு உள்ள நின்னா ஒங்க சத்தம் கேக்காது. நாங்க வெளிய நின்னே வாசிக்கிறோம். கதவ மட்டும் தொறந்து வைங்க." பாட்டுக்காகச் சொன்னாரா, பட்ட அவமானத்தில் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திருவிழா அன்று பேண்டு வாசலுக்கு வெளியே நின்றது. மாஸ்டர் எங்களைப் பார்த்தபடி நிலைப்படியில் நின்றார். மூன்று சரணங்கள் சீராகப் போயின. நான்காவதில் நாங்கள் நிறுத்தினோம், டிரம்பெட் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர் நிலையைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். பால்பாண்டி கிளாரிநெட்டை இறக்கிவிட்டு அவரைத் தாங்கப் போய்விட்டார். டிரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கோயில் நிறையச் சனம். என் கை அந்தரத்தில் நின்றது.

அப்போது செல்வமேரி வாயைத் திறக்காமல் டிரம்பெட்டின் வரியை முனங்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவள் சேர்ந்தாள். பிறகு எல்லோரும் சேர்ந்தார்கள். இரண்டு வரியும் நடந்து முடிந்து, கடைசிச் சரணம் தன்னால் வந்து சேர்ந்தது. அன்றைக்கு என் குரல் எனக்கே தனியாகக் கேட்கவில்லை.

பூசை முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். படியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். "நான் விட்டத நீங்க எடுத்துக்கிட்டீக. அதுவே நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வருசம் அங்கன எனக்கு வேலை இல்ல" என்றார். அதன்படியே மாற்றியும் அமைத்தார். அடுத்த திருவிழாவில் அவர் டிரம்பெட் கொண்டுவரவில்லை. அவர் கோயிலுக்குள்ளேயே உட்கார, நாற்காலி கொண்டுவந்து போட்டவர் அந்த ஊர்ப் பெரியவர்தான்.

பிறகு தேனி ஆஸ்பத்திரிக்கு அலைச்சல், வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம். கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது, "அலுத்துப்போச்சு டீச்சர்" என்றார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

இறந்த அன்று சாயங்காலம், பெண்கள் ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு சின்னமனூர் போனோம். தெருவில் வேறு ஊர் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. மாஸ்டரின் மனைவி பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணனுக்காக நாங்க அந்தப் பாட்டப் பாடட்டுமாக்கா?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தாயி. கல்யாணம் பண்ணி வந்த நாள்லருந்து ஒரு நல்ல நாள் பொல்லாத நாள் அவுக வீட்டுல இருந்ததில்ல. காது பூராச் சத்தம். இப்பவாச்சும் சும்மா படுக்கட்டும்."

பிறகு பால்பாண்டியைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். தெருவில் வாத்தியம் நின்றது. நாங்கள் பாடவில்லை. ஏலக்காய் வாசனை போகாத சேலைகளோடு அந்தப் பெண்கள் மாஸ்டரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வமேரி அவர் சட்டைக் காலரை ஒருமுறை நீவிவிட்டாள்.

தூங்குங்கள் மாஸ்டர். யாரும் உங்களை எழுப்ப மாட்டோம்.